இரண்டரை இலட்சத்துக்கு கேமிங் கொம்பியூட்டர்: முதலில் பவர் சப்ளையின் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, நான் கோண்டாவில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அப்பா இரண்டரை இலட்சம் தருகிறார், அதற்கு மேல் இல்லை. வலோரண்ட் நன்றாக ஓட வேண்டும், பெரிய கேம்களும் ஓரளவுக்கு ஓட வேண்டும், வீடியோ எடிட்டிங் பழகவும் ஆசை. ஒரு கடையில் கொட்டேசன் தந்தார்கள்: கோர் ஐ7 4770, 16 ஜிபி ராம், ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் பவர் சப்ளையுடன் ஆர்ஜிபி கேசிங், எல்லாம் 1,65,000. மிச்சத்துக்கு 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் எடுக்கலாமாம். வீட்டில் அண்ணாவின் பழைய மொனிட்டர் ஒன்றும் கிடக்கிறது. ஐ7 என்றபடியால் நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மாமா வருகிறார், அவரிடம் எதைச் சொல்லி எடுப்பிக்கலாம்?

பதில்:

தம்பி, அந்தக் கொட்டேசனுக்கு ஓம் சொல்ல வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்க் கதையுங்கள்.

முதலில் அந்த ஐ7. 4770 என்ற இலக்கத்தில் முதலாவதாக நிற்கிற 4 தான் தலைமுறை. 2013 இல் வந்த சிப் அது, நாலு கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வேலை வரிசை). 12ஆம் தலைமுறை ஐ3 12100 இலும் அதே நாலு கோர், எட்டு த்ரெட் தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கோரும் பழைய ஐ7 ஐ விட வெகு வேகம். அதாவது இன்றைய ஐ3 அந்த நாளைய ஐ7 ஐ முந்திவிடும். வேகம்கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும், விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொப்ட் கேட்பது இன்டெலில் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11 ஐப் போட்டுத் தருவார்கள், போடவும் முடியும், ஆனால் விண்டோஸ் 11 இல் வலோரண்ட் திறக்க டிபிஎம் 2.0 (போர்டில் இருக்கும் பாதுகாப்பு வசதி) வும் செக்கியூர் பூட்டும் வேண்டும், அந்தக் காலத்து மதர்போர்டில் டிபிஎம் 2.0 இல்லை. நீங்கள் முக்கியமாக விளையாட நினைத்த கேமே திறக்காது. போர்ட் ஒரு நாள் செத்தால் பழைய டிடிஆர்3 ராம் போடும் போர்டைத் தேடி அலைய வேண்டியதும் உங்கள் பாடுதான்.

ஆர்எக்ஸ் 580 ஒரு காலத்தில் நல்ல கிராபிக்ஸ் காட், நானே கனபேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வெளிவந்தது 2017 இல். 2023 இலேயே ஏஎம்டி அந்தத் தலைமுறைக் காட்டுகளின் டிரைவர்களைப் பிரதான வரிசையிலிருந்து பிரித்து, அவசியமான திருத்தங்கள் மட்டும் என்று ஆக்கிவிட்டது. இன்னொரு விஷயம், 580 என்று விற்கப்படுகிற எல்லாம் ஒன்று இல்லை. உண்மையான 580 இல் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன அலகுகள்), '2048எஸ்பி' என்று வருவதில் 2048 தான், அது உள்ளே கீழ்ப்படியான ஆர்எக்ஸ் 570 போன்றது. பொக்ஸில் சின்ன எழுத்தில் இருக்கும், கொட்டேசனில் அதுவும் இருக்காது.

சரி, இவை இரண்டையும் விட எனக்குப் பெரிய கவலை வேறொன்றில். நீங்கள் அனுப்பிய கொட்டேசனில் எல்லாச் சாமானுக்கும் ஏதோ ஒரு மொடல் இருக்கிறது, பவர் சப்ளைக்கு மட்டும் பெயரே இல்லை. '500 வாட்', அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் என் மேசைக்கு வரும் செத்த கேமிங் கொம்பியூட்டர்களில் பாதிக்குக் கிட்ட இந்தப் பெயரில்லாத பெட்டியில்தான் தொடங்குகிறது. அது தனியாகச் சாவதும் குறைவு, போகும்போது போர்டையோ காட்டையோ கூட்டிக்கொண்டு போகிறது.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கடையில் பவர் சப்ளையை வாங்கிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று நிரல்கள் இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பிராசெசரும் கிராபிக்ஸ் காட்டும் தின்பது 12 வோல்ட்டை. அந்த ஆம்பியரை 12 ஆல் பெருக்குங்கள். கேசிங்கோடு இலவசமாக வந்த '500 வாட்' ஒன்று போன மாதம் என்னிடம் வந்தது, 12 வோல்ட்டுக்குக் கீழே 16 ஆம்பியர். பதினாறு பன்னிரண்டு 192 வாட். மிச்ச இலக்கம் எல்லாம் 3.3, 5 வோல்ட் வரிகளில் போட்டு நிரப்பியது. உங்கள் கொட்டேசனில் உள்ள ஆர்எக்ஸ் 580 மட்டும் 185 வாட் கேட்கும், 4770 இன் கணக்கு 84 வாட். கூட்டினால் 269. இப்போது விளங்குகிறதா? ஒழுங்கான 550 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அது 540 வாட், சொன்ன வாட்டை அப்படியே தருகிறது. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள், எது எது என்று கையே சொல்லும். 80 பிளஸ் புரொன்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை, தெரிந்த கம்பனி, குறைந்தது 3 வருட வாரண்டி, 550 வாட். இதில் மட்டும் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வெட்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதும் ஞாபகம் இருக்கும். அவை பெரிய சம்பவங்கள். சாதாரண நாளிலேயே ஒரு காற்றுக்கு, ஒரு தென்னோலை வயரில் முட்டியதற்கு, போய்ப் போய் வருகிறது. கரண்ட் போகும்போது கொம்பியூட்டருக்கு வருகிற கெடுதியை விடத் திரும்பி வரும்போது வருகிற கெடுதி பெரிது, எல்லா வீட்டுப் பிரிட்ஜும் மோட்டரும் ஒன்றாகத் தொடங்கும் அந்த முதல் நிமிடத்தில் வோல்ட் ஏறி இறங்கி ஆடும். ஆகவே யூபிஎஸ் உங்கள் பட்ஜெட்டுக்கு உள்ளே வர வேண்டும். வெளியே அல்ல. 650 விஏ என்றால் 650 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தரும், விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் சில நேரம் அது பாரத்தைத் தாங்காமல் தானும் நின்றுவிடும். 1000 விஏ எடுங்கள். வோல்ட்டைச் சரிசெய்யும் ஏவிஆர் உள்ளதாக இருக்கட்டும். அது அரை மணித்தியாலம் விளையாட இல்லை, கேமை மூடி ஒழுங்காக ஓஃப் பண்ணத்தான். இடி மின்னல் நாளில் யூபிஎஸ் இருக்கிறதே என்று விடாமல் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் சேர்த்து.

அதைவிட முந்தியது எர்த். போன வருடம் மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன், பழைய கல்வீடு, பெடியன் சொன்னது கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்கிறது என்று. ரெஸ்டரைக் கேசிங் ஸ்குரூவில் வைத்தேன், உள்ளே பல்பு மங்கலாக எரிந்தது. பார்த்தால் மூன்று முள் பிளக்கை ஒரு அடாப்டர் போட்டு இரண்டு துவாரத்தில் செருகியிருக்கிறார்கள், எர்த் வயர் சுவருக்குள் போகவே இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்கள் இரண்டு வயரிலிருந்தும் கேசிங்குக்கு இணைந்திருக்கும், எர்த் இல்லாவிட்டால் 230 இல் பாதி, 115 வோல்ட் அளவு, தகட்டில் வந்து நிற்கும். அதில் ஓடும் கரண்ட் மிகக் கொஞ்சம், கை சுள்ளென்பதோடு போய்விடும். ஆனால் உள்ளே வேறு ஏதும் பழுதானால் முழு 230 உம் அதே தகட்டுக்குத்தான் வரும், அந்த நேரம் ட்ரிப் சுவிச் விழுவதற்கு எர்த் வேண்டும். அந்த வீட்டில் டிவியோடு இணைத்த எச்டிஎம்ஐ துவாரமும் ஏற்கெனவே செத்திருந்தது. சாமான் வாங்குவதற்கு முதல் ஒரு எலெக்ரீசியனைக் கூப்பிட்டு, கொம்பியூட்டர் வைக்கப் போகும் அறைச் சொக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். அப்பாவிடம் இதை என் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இப்போது காசைப் பிரிப்போம். விலைப்பட்டியல் எழுத நான் விரும்பவில்லை, 2022 இல் டொலர் 200 இலிருந்து 360 க்குப் போன சில மாதங்களில் காலையில் சொன்ன விலை பின்னேரம் இல்லை என்பதைப் பார்த்தவன் நான், ஆகவே உச்சவரம்பு சொல்கிறேன். கிராபிக்ஸ் காட்டுக்கு 90,000 வரை. பிராசெசரும் போர்டும் சேர்த்து 65,000. பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் சேர்த்து 40,000. மிச்சம் 55,000 இல் ராம், எஸ்எஸ்டி, கேசிங். மொனிட்டருக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அண்ணாவின் மொனிட்டரைத் தூசி தட்டி எடுங்கள். மொனிட்டரைப் பிறகு மாற்றுவது சுகம், உள்ளே கிடக்கும் சாமானை மாற்றுவதுதான் செலவும் கரைச்சலும். கடையில் விலை கேட்கும்போது 18 வீத வற் வரி சேர்ந்ததா சேராததா என்றும் கேளுங்கள், கடைசியில் பில் போடும்போது இதில்தான் கனபேர் தடுக்கி விழுகிறார்கள்.

பிராசெசர் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், கூலர் பொக்ஸுக்குள்ளேயே வருகிறது, உங்கள் வீடியோ எடிட்டிங்குக்கும் காணும். இல்லாவிட்டால் ஐ5 12400எஃப், அதுவும் ஆறு கோர், இரண்டில் எது போர்டோடு சேர்த்து மலிவாக வருகிறதோ அதை எடுங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது. 5600 ஐக் கேட்டால் 5500 ஐக் காட்டி எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். ஒன்று இல்லை. 5500 இல் எல்3 கேஷ் (பிராசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600 இல் 32 எம்பி, கேமில் அது நன்றாகத் தெரியும். ஏஎம்டியின் புதிய தலைமுறையான ஏஎம்5 போர்ட் எடுத்தால் எதிர்காலத்துக்கு நல்லதே என்று யாரும் சொல்லலாம், உண்மைதான், ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் கட்டாயம், 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவு சேர்வர்களுக்கு மெமரி சிப்புகள் அள்ளப்பட்டு ராம் விலை ஏறியிருக்கிற இந்த நேரத்தில் உங்கள் பட்ஜெட் அதைத் தாங்காது. 5600 என்றால் போர்ட் பி550 கிடைத்தால் அது, இல்லாவிட்டால் பி450, ஆனால் அதற்கு ஏற்ற பயொஸ் (போர்டின் உள் மென்பொருள்) போட்டிருக்கிறதா என்று கேட்டு, ஓன் பண்ணிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ராம் இரண்டு 8 ஜிபி, டிடிஆர்4 3200. ஒற்றை 16 ஜிபி வேண்டாம், இரண்டாகப் போட்டால்தான் இரண்டு வழியாக ஓடும். புதிது விலை கூடவென்றால் பாவித்த ராம் வாங்கலாம், பாவித்த சாமானில் நான் குறைவாகப் பயப்படுவது ராமுக்குத்தான், ஒரு இரவு மெம்டெஸ்ட் என்ற ராம் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டுப் பிழை வராவிட்டால் சரி. எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) போதும், பிறகு இன்னொன்று சேர்க்கலாம்.

கிராபிக்ஸ் காட் என்றால் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 132 வாட் தான் தின்னும், எங்கள் வெக்கைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் அது பெரிய சௌகரியம், 1080பி யில் பெரிய கேம்களையும் மரியாதையாக ஓட்டும். வலோரண்ட் இதற்கு ஒரு பாரமே இல்லை. எடிட்டிங்கை நிசமாகவே தொழிலாக நினைத்தால் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி தேடலாம், எடிட்டிங் மென்பொருட்கள் பலவற்றுக்கு என்விடியா ஒத்துப்போகும். ஆனால் 12 ஜிபி என்று பார்த்து வாங்குங்கள், அதே 3060 பெயரில் 8 ஜிபி ஒன்றும் இருக்கிறது, அது மெதுவானது. 6500 எக்ஸ்டி பக்கம் போக வேண்டாம், 4 ஜிபி இன்றைக்குக் காணாது.

பாவித்த காட் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் (காட்டுகளை ஓடவிட்டு நாணயம் சம்பாதிப்பதை) கைவிட்டதும் இரவு பகலாக ஓடிய காட்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன, அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே எல்லாம் பழுது என்று இல்லை. ஃபானைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் இருக்கிறதா, உராயும் சத்தம் வருகிறதா. ஸ்குரூத் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டு ஷேடர் இலக்கத்தைப் பாருங்கள், 6600 என்றால் 1792, 3060 என்றால் 3584, ஆனால் 8 ஜிபி 3060 இலும் அதே இலக்கம்தான், ஆகவே மெமரி 12 ஜிபி என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். பிறகு கடைக்காரரின் மேசையிலேயே அரை மணித்தியாலம் ஒரு கேமோ, காட்டுக்கு முழுப் பாரம் கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளோ ஓடவிட்டுப் பக்கத்தில் இருங்கள். திரையில் புள்ளி புள்ளியாக வந்தால், கறுத்தால், எழும்பி வாருங்கள். அரை மணித்தியாலம் ஓட விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

மாமா விஷயம். அவரிடம் பிராசெசரும் எஸ்எஸ்டியும் சொல்லுங்கள், இரண்டும் சின்னது, கைப்பையில் வரும், பழுதாவது அரிது. 5600 போன்ற ஏஎம்4 பிராசெசரின் அடியில் ஊசி போல முள்ளுகள், பொக்ஸோடுதான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் துணிக்குள் சுற்றி அல்ல. கிராபிக்ஸ் காட் வேண்டாம், அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் இல்லை, திருப்பி அனுப்பும் செலவில் இன்னொன்றின் பாதி போய்விடும். யூபிஎஸ் தப்பியும் சொல்லிவிடாதீர்கள், கனடாவில் 120 வோல்ட், இங்கே அது பயன்படாது.

வாரண்டி என்று வந்தபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். பில்லின் பின்பக்கத்தை வாங்குவதற்கு முதல் வாசியுங்கள். ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு 350 நாள் என்று போட்டிருப்பார்கள், எரிந்த அடையாளமும் துருவும் இருந்தால் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். துரு என்ற அந்தச் சொல் எங்களுக்குச் சாதாரணமானது இல்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று இரண்டு வருடத்திலேயே போர்டின் பின்பக்கத்தைப் பச்சையாக்கி விடுகிறது. கோண்டாவிலில் அவ்வளவு பயம் இல்லை, ஆனாலும் யன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். கொழும்பில் யூனிட்டி பிளாசாப் பக்கம் வாங்கினால் சில ஆயிரம் மலியலாம், ஆனால் பழுதானால் 400 கிலோமீற்றர் பஸ்ஸில் கட்டி அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால் காட்டையும் பவர் சப்ளையையும் போர்டையும் கஸ்தூரியார் வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ, நாளைக்கும் நீங்கள் முகத்தைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் வாங்குங்கள்.

கேசிங்கில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டதாக இருக்கட்டும், முன்னால் இரண்டு, பின்னால் ஒரு ஃபான். சித்திரை வைகாசியில் அறையே 34 பாகை இருக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் காற்றுக்கு எங்கே போவது? சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி அடைக்கும், மாதம் ஒரு தடவை தூசி வலையைக் கழற்றித் தட்டுங்கள். பின்பக்கத்தில் காட் போடாத துவாரங்களின் மூடிகளை எறிய வேண்டாம், அதற்குள்ளால் பல்லி போய்ப் பவர் சப்ளைக்குள் கருகிக் கிடந்ததை இரண்டு தடவை எடுத்திருக்கிறேன்.

நீங்களே பூட்டலாம், பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு நாள் மினக்கெட்டால் சரி. ஆனால் மூன்றை மறக்க வேண்டாம். பூட்டி முடிந்து மொனிட்டர் வயரைச் செருகும்போது போர்டின் துவாரத்தில் செருகாமல் கீழே காட்டின் துவாரத்தில் செருகுங்கள். ராமைப் பிராசெசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள், பயொஸில் போய் எக்ஸ்எம்பி ஐ ஓன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் 3200 க்குக் காசு கொடுத்துவிட்டு 2400 இலோ 2666 இலோ ஓட்டிக்கொண்டு இருப்பீர்கள். பிறகு ஒரு நாள் நல்ல மொனிட்டர் வாங்கினால் விண்டோஸ் செட்டிங்கில் 144 என்று மாற்றுங்கள், மாற்றாவிட்டால் அது 60 இலேயே நிற்கக்கூடும். பிங் (சேர்வருக்குப் போய் வரும் தாமதம்) கூடவென்று காட்டைக் குறை சொல்லக்கூடாது, வலோரண்ட் சேர்வர் மும்பாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது, வைபையை விட்டு லான் வயர் போட்டால் கொஞ்சம் சீராகும்.

இந்தக் கிழமையே புதிதாக ஒரு கொட்டேசன் கேட்டு எடுங்கள், பவர் சப்ளையின் கம்பனியும் மொடலும் எழுதச் சொல்லுங்கள். அந்த லேபிளில் 12 வோல்ட் வரியை வடிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு காசைக் கொடுக்கலாம்.